கச்சை அணியும் மணிக்கணக்கு

பத்து வயதுக்கு மேல், பிள்ளைகள் நெடுநெடுவென்று வளரும் பருவத்தில், சிலருடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, சற்றே முறுக்கிக்கொள்வதும் உண்டு. இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். ஒரு தோள் மற்றதைவிட உயர்ந்திருப்பதைச் சில வேளைகளில் தையற்காரரே முதலில் கண்டு சொல்கிறார். புத்தகப் பையைச் சுமந்ததால் வந்தது, கோணலாக உட்கார்ந்ததால் வந்தது என்று பெற்றோர் பிள்ளையைக் கடிந்துகொள்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. பெரும்பாலோரிடம் காரணம் இன்னதென்று மருத்துவ உலகம் இன்றுவரை துணிந்து கூறவில்லை.

எக்ஸ்ரே படத்தில் இவ்வளைவைப் பாகைக் கணக்கில் அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948-இல் விவரித்தார். ஏறக்குறைய 25 முதல் 40 பாகை வரை வளைவும், இன்னும் வளர வேண்டிய எலும்பும் உள்ள பிள்ளைகளுக்கே பிரேஸ் என்னும் கச்சையை அணியச் சொல்கிறோம். 50 பாகையை எட்டிவிட்டால், வளர்ச்சி நின்ற பின்னரும் வளைவு கூடக்கூடும். அப்போது அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டியதாகிறது.

கச்சை முதுகை நிமிர்த்திவிடும் என்று எண்ணுவோர் பலர். அதன் வேலை அதுவன்று. வளர்ச்சி முடியுமட்டும் மேலும் வளையாதபடி தாங்கி நிற்பதே அதன் வேலை. 1940-களில் மில்வாக்கி நகரில் தோன்றிய கச்சை, உலோகப் பட்டைகளுடன் கழுத்துவரை எழுந்து நின்றது. 1970-களில் பாஸ்டனில் உருவான பிளாஸ்டிக் கச்சை அக்குளுக்குக் கீழே அடங்கி, சட்டைக்குள் மறைந்தது.

ஆயினும், கச்சையால் பயன் உண்டா என்ற ஐயம் நெடுநாள் தீரவில்லை. பிள்ளைகள் அதை உண்மையில் எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்பது தெரிந்தால் அல்லவா விடை கூற முடியும்? 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு வழி கண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 242 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். கச்சை அணிந்தோரிடம் நாளொன்றுக்கு 18 மணி நேரமாவது அணியுமாறு கூறி, உடற்சூட்டை உணரும் சிறு கருவியைக் கச்சைக்குள் பதித்தார்கள். 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்தவர்கள் கச்சை பெற்றோரில் நூற்றுக்கு 72, பெறாதோரில் 48. சுமார் 13 மணி நேரமும் அதற்கு மேலும் அணிந்தவர்களிலோ நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் தப்பினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் அணிந்தவர்களின் கதி, கச்சையே இல்லாதவர்களின் கதியை ஏறத்தாழ ஒத்திருந்தது.

ஆகவே, இச்சிகிச்சையைச் செய்பவர் மருத்துவர் அல்லர். பதின்மூன்று வயதுச் சிறுமி. வெயிலும் வியர்வையும், வகுப்பில் பிறர் பார்க்கும் பார்வையும் அவளுக்கே உரியவை. ஈராண்டு மூவாண்டு பொறுத்தபின் அவள் பெறும் நற்பயன், ஒன்றும் நிகழாமல் இருப்பதே. அதற்காக மகிழும்படி ஒரு சிறுமியிடம் சொல்வது எளிதன்று. மேலும், கச்சையின்றியே ஏறக்குறையப் பாதிப் பேர் தப்புகிறார்கள் என்பதையும் அவளிடம் மறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

வீட்டில் விசாரணை தொடங்கினால், “அணிந்தேன்” என்ற சொல் மட்டும் கிடைக்கும். உணர்கருவி பொருத்துவதாயின் அவளிடம் சொல்லிவிட்டே பொருத்த வேண்டும். ஒற்றறியும் கருவியாக அது மாறலாகாது. எந்த மணி நேரம் கச்சையின்றி இருப்பது என்பதை அவளே தேர்ந்துகொள்ளட்டும். விளையாட்டுக்கும் குளிப்புக்கும் கழற்றலாம். உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் அணிவது நலம். வியர்த்தால் மாற்றிவிட வேண்டும். முதல் நாளே பதினெட்டு மணி நேரம் என்று வற்புறுத்தாமல், சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டலாம். கழற்றிய சிறிது நேரத்தில் மறையும் சிவப்புத் தடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மறையாவிட்டாலும், தோல் உரிந்தாலும் கச்சையைச் செய்தவரிடம் கொண்டுசென்று திருத்துவிக்க வேண்டும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதைச் சாக்கு என்று கொள்ளாதீர்கள். அவள் வளர்ந்து, கச்சை சிறுத்துப் போயிருக்கக்கூடும்.

உயரம் கூடுவது நின்று, எலும்பு முதிர்ந்ததை எக்ஸ்ரேயில் கண்ட பிறகே கச்சையை விடுகிறோம். அதன் பின்னும் சில மாதங்கள் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்க்கிறோம்.