நடுவிலா நகருக்கு ஒரு நடுவம்

நகரம் என்பது வீடுகளின் கூட்டம் மாத்திரமன்று. பண்டை ஏதென்சு மாந்தர் 'அகோரா' என்னும் வெளியிற் கூடிப் பண்டங்களை விலைபேசினர், அவ்விடத்திலேயே வழக்காடினர், அரசியலும் பேசினர். இரண்டாம் உலகப்போரின் பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பரந்தெழுந்த புறநகர்களுக்கு இத்தகைய நடுவிடம் பெரும்பாலும் வாய்க்கவில்லை. வீடுகள் ஓரிடத்தும், கடைகள் வேறோரிடத்தும், அலுவலகங்கள் பிறிதோரிடத்தும் அமைதல் வேண்டுமென வலயச் சட்டங்கள் விதித்தன. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 41,000 மைல் நீளப் பெருஞ்சாலைத் திட்டமும் வந்து சேர, மோட்டார் வண்டியின்றி ஓர் இறாத்தல் பாண் வாங்குதலும் அரிதாயிற்று.

இக்குறையை முதலில் உணர்ந்தோருள் விக்றர் குறுயன் என்னும் கட்டடக்கலைஞர் ஒருவர். 1903 இல் வியன்னாவிற் பிறந்த யூதராகிய இவர், 1938 இல் நாசிகளின் பிடியினின்றும் தப்பி அமெரிக்காவிற் புகலடைந்தார். வியன்னாவின் நடைவீதிகளை அறிந்த கண்ணுக்குப் புறநகரின் வெறுமை புலப்பட்டதில் வியப்பில்லை. 1956 இல் மினசோட்டா மாநிலத்து எடைனாவில் இவர் அமைத்த 'சவுத்டேல்', முற்றிலும் கூரையிட்ட கடைத்தொகுதிகளுக்கெல்லாம் முன்னோடியாகும். அதனைச் சூழ வீடுகளும் பாடசாலைகளும் பூங்காவும் மருத்துவ நிலையமும் ஒன்றுகூடிய ஊரொன்று எழவேண்டுமென்பது அவரது கருத்து. கடைத்தொகுதி எழுந்தது, அவர் எண்ணிய ஊர் எழவில்லை. புதுக்கட்டடங்களின் தேய்மானத்தை விரைவாகக் கழித்துக்கொள்ள 1954 ஆம் ஆண்டு வரிச்சட்டம் இடமளித்தமையால், முதலீட்டாளர் நாடெங்கும் இவ்வமைப்பைப் பின்பற்றினர். அவர்கள் பின்பற்றியது கடைகளையும் வண்டித் தரிப்பு வெளிகளையுமே. 1968 இல் வியன்னாவுக்கு மீண்ட குறுயன், 1978 இல் இலண்டனில் ஆற்றிய உரையொன்றில் இவற்றின் தந்தைமையை ஏற்க மறுத்தார். படைத்தவனே கைவிட்ட படைப்பு என இதனைக் கூறலாம்.

கொலறாடோ மாநிலத்தில் டென்வர் மாநகரின் மேற்கே உள்ள லேக்வூட், இவ்வரலாற்றின் அடுத்த படியை அறிதற்கு நல்ல சான்றாகும். அங்கு 'வில்லா இற்றாலியா' என்னும் கடைத்தொகுதி 1966 இல் திறக்கப்பட்டது. லேக்வூட் தனிநகராக அமைந்ததோ 1969 இலேயே. நகரினும் அதன் கடைத்தொகுதி மூத்தது! 2000 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய 144,000 மக்கள் வாழ்ந்த இந்நகருக்குப் பழைய கடைவீதியென ஒன்றில்லை. கூடுமிடமெனச் சொல்லத்தக்கது அத்தொகுதியே. புதிய தொகுதிகள் பிறவிடங்களில் எழவே இது தளர்ந்து, 2001 இல் மூடப்பட்டது. கொலறாடோ நகரசபைகளின் வருவாயிற் பெரும்பங்கு விற்பனை வரியாகும். ஆதலின் கடைத்தொகுதியின் வீழ்ச்சி நகரசபைப் பணப்பெட்டியின் வீழ்ச்சியுமாயிற்று. குடிமக்களின் கருத்தை அறிந்து நகரசபையும் ஒரு தனியார் நிறுவனமும் கூடி வகுத்ததே 'பெல்மார்' என்னும் புத்தமைப்பு. அதன் முதற்பகுதி 2004 இல் திறக்கப்பட்டது.

அங்கு செய்யப்பட்டவற்றுள் தலையாயது கட்டடமன்று, தெருவே. ஏறத்தாழ 104 ஏக்கர் கொண்ட ஒரே பெருந்துண்டாயிருந்த நிலம், தெருக்களால் 22 சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. அத்தெருக்கள் இயன்றவிடத்து அயலிலுள்ள தெருக்களுடன் இணைக்கப்பட்டன. சிறு கட்டங்களின் பயன் பலவாகும்: நடப்போனுக்கு வழிகள் பெருகும்; மூலைக்கடைகள் பெருகும்; ஒரு கட்டடம் பழுதுற்றால் அதனை மாத்திரம் மாற்றலாம். வில்லா இற்றாலியாவிலோ ஓருறுப்பின் நோய் முழுவுடலையும் வீழ்த்திற்று. கீழ்த்தளத்திற் கடைகளும் மேற்றளங்களில் வீடுகளும் அலுவலகங்களும் அமைந்தன; வண்டிகள் கட்டங்களின் உட்புறத்து மாடித் தரிப்பிடங்களுக்கு ஒதுங்கின. நடுவே ஒரு சதுக்கம் அமைந்தது. மாரிகாலத்தில் அங்கு பனிச்சறுக்காடுவர். இவையனைத்தும் ஒரு நிறுவனத்தின் கைப்பட ஒரே காலத்தில் எழுந்தமையால், பழம்பட்டினங்களுக்குரிய பல்வகைமை அங்கு குறைவே. அக்குறையைக் காலமன்றி எவரும் நீக்கவியலாது.

இதற்கான பொருள் எங்ஙனம் வந்தது? பழைய கட்டடத்தை இடித்தல், மாசுற்ற மண்ணைத் தூய்மையாக்கல், தெருவும் வடிகாலும் அமைத்தல் ஆகியன தனியார் இலாபங்கருதி மேற்கொள்ளும் செயல்களல்ல. கொலறாடோவின் நகரப் புதுப்பித்தற் சட்டம் ஒரு வழி காட்டுகின்றது. திட்டம் தொடங்குமுன் அந்நிலத்திற் கிடைத்த வரி அடிப்படையாகக் கொள்ளப்படும். அதற்கு மேல் வளரும் வரி, 25 ஆண்டுவரை அத்திட்டத்தின் செலவுக்கே உரியதாகும். இதன்படி எதிர்கால வளர்ச்சியே நிகழ்காலக் கடனைத் தீர்க்கின்றது. வளர்ச்சி வாராதொழியின் கடன்கொடுத்தோரே இடர்ப்படுவர். வந்தாலும், பாடசாலை முதலியவற்றுக்குச் சேரவேண்டிய வரியில் ஒரு பங்கு நெடுங்காலம் வேறு வழியிற் செல்கின்றதென்பார் கூற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தெருவுக்கும் கடைத்தொகுதியின் நடைகூடத்துக்கும் உள்ள வேறுபாடு அழகைப் பற்றியது மாத்திரமன்று, உரிமையைப் பற்றியதுமாம். பொதுத் தெருவில் நின்று துண்டுப்பிரசுரம் வழங்கும் குடிமகனை எவரும் எளிதில் அகற்ற முடியாது. ஆனால், ஒறெகன் மாநிலத்துப் போற்லண்டில் ஒரு கடைத்தொகுதியினுள் வியற்னாம் போரை எதிர்த்துப் பிரசுரம் வழங்கியோருக்கு அவ்வுரிமை இல்லையென 1972 இல் ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது. நீதியரசர் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்றனர். அகோரா போன்று தோன்றும் இடம் அகோரா ஆகாமை இதனால் விளங்கும். கொலறாடோ மாநில உயர்நீதிமன்றமோ 1991 இல் வேறு வழி சென்றது. டென்வரின் மற்றொரு புறநகராகிய வெஸ்ற்மின்ஸ்ரரிலுள்ள கடைத்தொகுதியில் அரசாங்கத்தின் தொடர்பு மிகுதியாயிருந்தமையை நோக்கி, மாநில அரசியலமைப்பின்படி அங்கு பிரசுரம் வழங்கலாமெனத் தீர்ப்பளித்தது.

1977 இல் திறக்கப்பட்ட அத்தொகுதியும் பின்னர் நலிந்தது. 2011 இல் வெஸ்ற்மின்ஸ்ரர் நகரசபை அந்நிலத்தைத் தானே வாங்கிக் கட்டடத்தை இடிப்பித்தது. லேக்வூட் சபை நிலத்தைத் தனியார் கையில் விட்டது. இச்சபை நிலவுடைமையைத் தன்பாற் கொண்டு தெருக்களையும் பூங்காக்களையும் முதலில் வகுத்து, பின்னரே கட்டங்களைப் பலருக்கு விற்க முற்பட்டது. ஏறத்தாழ 105 ஏக்கர் பரப்பில் அங்கும் ஒரு நகரநடுவம் கட்டங்கட்டமாக எழுந்து வருகின்றது.