கேட்கப்படாத ஒரு சோதனை

ஒரு தகவலைப் பெறுவதற்கான செலவு குறைவாகவும், அது கிடைக்காமல் போவதால் நேரும் இழப்பு மிக அதிகமாகவும் இருக்குமானால், அந்தத் தகவலைத் தேடிப் பெறுவதே அறிவுடைமை. இது பொருளாதாரத்தின் பாலபாடம். சீரண மண்டலத்தைப் பாதிக்கும் அமிலாய்டோசிஸ் என்ற நோயைக் கண்டறிவதில் இந்தப் பாடம் பல வேளைகளில் மறக்கப்பட்டுவிடுகிறது.

உடலில் உருவாகும் சில புரதங்கள் உரிய வடிவில் மடியாமல், நுண்ணிய நார்களாகத் திரண்டு உறுப்புகளில் படிவதே இந்நோய். அந்தப் படிவுகளுக்கு 1854-இல் பெயர் சூட்டிய ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, அயோடின் பட்டதும் அவை நிறம் மாறியதால், மாவுப்பொருளை ஒத்தவை எனக் கருதினார். ஐந்தே ஆண்டுகளில் அவை புரதத் தன்மை கொண்டவை எனத் தெரியவந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இரைப்பை, குடல் ஆகியவற்றின் சுவர்களில் இப்புரதம் படியும்போது நாள்பட்ட வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல், வயிற்று உப்புசம், எடை குறைதல், சில வேளைகளில் ரத்தக்கசிவு ஆகியவை தோன்றும். இவற்றில் எதுவும் இந்நோய்க்கு மட்டுமே உரியதன்று. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் குடல் எரிச்சல் நோய்க்கான மாத்திரைகளை உட்கொண்டார். எண்டோஸ்கோபியில் குடல் இயல்பாகவே தெரிந்தது. சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் கவனித்த வேறொரு மருத்துவருக்கு ஐயம் எழுந்தது. முதலில் எடுத்துப் பாதுகாக்கப்பட்டிருந்த திசுவுக்கே உரிய சாயம் ஏற்றிப் பார்த்தனர். நோய் அன்றே அதில் இருந்தது. இதற்கிடையில் அவரது இதயமும் பாதிக்கப்பட்டுவிட்டது.

சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் குடலிலும் அமிலாய்டு இருக்கலாம். திசுவைச் சிறிதளவு எடுத்து, காங்கோ சிவப்பு என்ற சாயம் ஏற்றி, தளவிளைவுற்ற ஒளியில் நுண்ணோக்கியால் பார்த்தால், அமிலாய்டு ஆப்பிள் பச்சை நிறத்தில் ஒளிரும். 1920-களிலிருந்து அறியப்பட்ட, செலவு குறைந்த முறை இது. ஆனால், எல்லாத் திசுக்களுக்கும் இச்சாயம் ஏற்றப்படுவதில்லை. ஐயுற்று யாரேனும் கேட்டாக வேண்டும். குடலைப் பார்ப்பவர் ஒருவர், திசுவைப் பார்ப்பவர் மற்றொருவர். முன்னவரின் ஐயம் பின்னவரை எட்டாவிட்டால் சோதனையும் நடைபெறாது.

அமிலாய்டு இருப்பதை உறுதிசெய்வதோடு பணி முடிந்துவிடாது. அது எந்தப் புரதம் என்பதையும் அறிய வேண்டும். எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் 'லைட் செயின்' புரதமாயின், அச்செல்களை ஒடுக்கும் சிகிச்சை தேவை. காசநோய், முடக்குவாதம் போன்ற நீடித்த அழற்சியின் விளைவாயின், மூலநோயைக் கட்டுப்படுத்த வேண்டும். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதமாயின் சிகிச்சையே வேறு. வகையைத் தவறாகக் கணித்தால், தேவையற்ற கடும் மருந்துகள் நோயாளியின் உடலில் ஏறும். இதற்கென ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளும், திசுவிலுள்ள புரதத்தை இனங்காணும் நிறைநிறமாலை ஆய்வும் உள்ளன.

மருத்துவச் சந்தையில் நோயாளியைவிட மருத்துவரிடமே தகவல் மிகுதி என்பதைப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963-இல் விளக்கினார். இந்நோயில் மருத்துவர்களுக்கு இடையிலும் அந்த இடைவெளி இருப்பதைக் காண்கிறேன்.

வயிற்றுவலி உள்ள அனைவருக்கும் இச்சோதனை வேண்டும் என்பதல்ல என் வாதம். காரணம் புலப்படாத வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகியவற்றுடன் நுரைத்த சிறுநீர், கால் வீக்கம், மூச்சுத்திணறல், தடித்த நாக்கு, கண்களைச் சுற்றி ரத்தக்கட்டு, கை கால் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் ஐயம் எழ வேண்டும். அப்போது, "எடுத்த திசுவில் அமிலாய்டு உள்ளதா எனப் பார்த்தார்களா?" என்று நோயாளியின் குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம். பழைய திசு பாதுகாக்கப்பட்டிருந்தால், மீண்டும் எண்டோஸ்கோபி செய்யாமலேயே அதற்கு விடை கிடைக்கக்கூடும்.