எடைக்கல்லில் ஏறும் துரு

மின்னணுத் தராசு வந்துவிட்ட பிறகும் நமது சேலம், நாமக்கல் வட்டாரத்தில் இரும்பு எடைக்கற்கள் அடியோடு மறைந்துவிடவில்லை. மழைக்காலத்தில் அவற்றின் மேல் பழுப்பாகத் துரு படியும். 'துருதானே' என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அது நமது லாப நஷ்டத்தில் சேர்ந்த விஷயமாகும்.

10 கிராம் இரும்பு துருவானால் ஏறக்குறைய 16 கிராம் ஆகும். காற்றிலுள்ள பிராணவாயுவும் நீரும் அதனுடன் சேர்ந்துகொள்வதே காரணம். ஆகவே துரு ஒட்டியிருக்கும் வரை கல் கனக்கும்; நாம் கூடுதலாகச் சரக்குப் போடுவோம். பிறகு அது செதிலாக உதிரும்போது கல் இளைத்துவிடும். வாங்குபவருக்கு எடை குறையும். முதலாவதில் நமக்கு நஷ்டம். இரண்டாவதில் எடையளவு ஆய்வாளர் வந்து நிற்பார்.

துரு ஏன் இப்படி ஈரத்தை இழுக்கிறது? எந்தப் பொருளிலும் உள்ளே இருக்கும் அணுவுக்கு நாலாபுறமும் துணை உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் காலி. அந்தக் குறையால் மிஞ்சி நிற்பதைப் பரப்பு ஆற்றல் என்கிறார்கள். காற்றிலுள்ள நீராவி அங்கே வந்து ஒட்டிக்கொண்டால் அந்த ஆற்றல் தணிகிறது. துரு மிக நுண்ணிய பொடி. இண்டு இடுக்கு அதிகம். எனவே பரப்பும் அதிகம். முதல் அடுக்கு நீர் வெயிலில் காய வைத்தாலும் எளிதில் போகாது. அதன்மேல் படிவதுதான் பருவத்துக்கேற்ப வந்து போகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இந்த நீர்ப்படலம் தடித்து, அடியிலுள்ள இரும்பையும் அரிக்கத் தொடங்கும்.

கஞ்சமலையில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கருந்தாது மட்டும் ஏன் இப்படிப் பொரிந்து உதிர்வதில்லை? அது மாக்னடைட், ஏற்கெனவே பிராணவாயுவுடன் சேர்ந்துவிட்ட இரும்பு. அதன்மேலும் நீர் ஒட்டும். கட்டியாக இருப்பதால் பரப்பு குறைவு, அவ்வளவே. (1830களில் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கியது நமது ஜில்லாத் தாதுவைக் கொண்டுதான்.)

நாம் விற்கும் காவியும் இதே குடும்பம். மஞ்சள் காவியில் நீர் தாதுவுக்குள்ளேயே கலந்திருக்கிறது. அதைச் சுட்டால் நீர் வெளியேறிச் சிவப்பாகிறது. மிக நுண்ணிய துகளாக இருக்கும்போது நீர் கலந்த வகைக்கே பரப்பு ஆற்றல் குறைவு, அதனால் அதுவே நிலைத்து நிற்கும் என்று அலெக்சாண்ட்ரா நவ்ரோட்ஸ்கி என்ற அம்மையாரும் இரு விஞ்ஞானிகளும் 2008ல் 'சயன்ஸ்' இதழில் விளக்கினார்கள். சிவப்புக் காவியும் சும்மா இருப்பதில்லை. பொடியாக்கி ஐப்பசி, கார்த்திகையில் பொட்டலம் போட்டால் ஈரத்தோடு சேர்த்தே நிறுக்கிறோம். 100க்கு 2 பங்கு காய்ந்தாலும் கிலோவுக்கு 20 கிராம் குறைந்துபோகும். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எடைக்கு நாமே பொறுப்பு. நன்கு உலர்த்தி நிறுப்பதே நல்லது.

எடைக்கல்லுக்குப் பெரிய எதிரி உப்பு மூட்டை. சுத்தமான உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில்தான் கசியும். கல்லுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே நீர் விடும். உப்பு அளந்த கையோடு கல்லைத் தொட்டாலே போதும், அடுத்த மாதம் அந்த இடத்தில் துரு தெரியும். புளியின் அமிலமும் அப்படியே. கற்களை உப்புக்கும் புளிக்கும் எட்ட, மரப்பலகையின் மேல் வைத்து, தினமும் உலர்ந்த துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எண்ணெய் பூசுவதை நாம் ஆதரிப்பதில்லை. தூசி ஒட்டி அதுவும் எடையாகும்.

துரு ஏறிய கல்லை அரம் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். முத்திரை இருக்கும் ஈயத்தில் கீறல் விழுந்தால் விளக்கம் சொல்வது கடினம். எடைக்கற்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். துரு அதிகமான கல்லைக் கெடு வரும்வரை வைத்திராமல், தீபாவளிக் கொள்முதலுக்கு முன்பே முத்திரைக்குக் கொண்டுபோய்விடலாம்.