சொகுசுக் கப்பல் வந்துவிட்டது, கடல்வழி எங்கே?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவுள்ள தமிழ்க் குடும்பங்களில் ‘ரஜூலா’ கப்பலின் பெயரைக் கேள்விப்படாத பெரியவர்கள் குறைவு. அதில் ஏறிப் போனவர்களும் அவர்களை வழியனுப்பியவர்களும் சொன்ன கதைகள் தலைமுறை தாண்டியும் நிற்கின்றன. 2022-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்னும் சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது, அந்தப் பழைய கடல் பயணமே திரும்பி வந்துவிட்டது என்ற எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால், அன்றைய கப்பலும் இன்றைய சொகுசுக் கப்பலும் ஒரே தொழிலின் இரு பருவங்கள் அல்ல. அவை இரண்டு வெவ்வேறு தொழில்கள். நம் பெரியவர்கள் நினைத்து ஏங்கும் பயணத்தின் வாரிசை வேறோர் இடத்தில்தான் தேட வேண்டும்.

ரஜூலா 1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் அதை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்ற தடத்தில் சுமார் அரை நூற்றாண்டு ஓட்டியது. ஒரு தடவை போய்ச் சேர ஏறத்தாழ ஒரு வாரம். சுமார் 8,500 டன் அளவுள்ள அந்தக் கப்பலில் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அவர்கள் தளத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள். தோட்டத் தொழிலாளி, வணிகர், கணவனைத் தேடிப் போகும் மனைவி, ஊருக்குத் திரும்பும் முதியவர் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். கூடவே தபாலும் சரக்கும் போயின. எம்ப்ரஸ் 1990-ல் கட்டப்பட்ட கப்பல். அளவு சுமார் 48,500 டன். பயணிகள் ஏறத்தாழ 1,800 பேர். வசதியில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் ரஜூலாவில் ஏறியவர் ஓர் ஊரை விட்டு இன்னோர் ஊருக்குப் போனார். எம்ப்ரஸில் ஏறுபவர் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்புகிறார்.

இந்த மாற்றம் உலகெங்கும் நடந்தது. சுற்றுலாவுக்காகவே கப்பல் விடுவது புதிய யோசனையன்று. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைவாக இருந்ததால், ஹாம்பர்க் கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின் 1891-லேயே ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியதரைக் கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். அன்று அது பக்கத் தொழில். 1958-ல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் அதுவே முதன்மைத் தொழிலாக வேண்டியதாயிற்று. 1962-ல் ஓடத் தொடங்கிய ‘பிரான்ஸ்’ கப்பலின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். அரசு மானியம் நின்றதும் 1974-ல் அது ஓய்ந்தது. 1979-ல் நார்வே நாட்டு முதலாளி ஒருவர் அதை வாங்கி, ‘நார்வே’ என்று பெயர் மாற்றி, கரீபியக் கடலில் உல்லாசக் கப்பலாக விட்டார். அதற்காக அதன் நான்கு சுழலிகளில் இரண்டு கழற்றப்பட்டன. குறித்த நாளில் அக்கரை சேர வேண்டிய கப்பலுக்கு வேகம் உயிர். புறப்பட்ட துறைக்கே திரும்பும் கப்பலுக்கு அது வீண் எரிபொருள் செலவு.

வேகத்தோடு ஊர்களின் முக்கியத்துவமும் குறைந்தது. பெரிய நிறுவனங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட்டுக்கு அப்பால் கப்பலுக்குள் பயணிகள் செய்யும் செலவிலிருந்து வருகிறது. பயணி கரையில் இருக்கும் நேரமெல்லாம் அந்த வருவாய்க்கு இழப்பு. 2024-ல் வந்த ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 20 தளங்களும் 7 நீச்சல் குளங்களும் கொண்டு ஒரு நகரமாகவே மிதப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். அதை இயக்கும் நிறுவனம் பஹாமாஸில் தனக்கென்று ஒரு தீவையே வைத்திருக்கிறது. பயணி அங்கே இறங்கினாலும் நிறுவனத்தின் கடைக்குள்தான் இறங்குகிறார்.

பழையதைப் பொன்னாக்கிப் பேசுகிறேன் என்று மறுப்பு வரலாம். அதில் நியாயம் உண்டு. டெக் பயணம் துன்பம் நிறைந்தது. நெரிசலும் வாந்தியும் போதாதென்று, அக்கரை சேர்ந்தபின் பினாங்கின் ஜெரெஜாக் தீவிலும் சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் நோய்த்தடுப்புக் காவல் காத்திருந்தது. மேல்வகுப்புப் பயணிகளுக்கு அந்தத் தண்டனை பெரும்பாலும் இல்லை. ரஜூலாவுக்குப் பின் இந்தத் தடத்தில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டதோடு சேவையே முடிந்தது. அந்த நெரிசலும் வகுப்பு வேற்றுமையும் திரும்பவே கூடாது. ஆனால் அவை கடல்வழியின் குணங்கள் அல்ல. காலனிய அரசும் நிறுவனங்களும் ஏழைப் பயணியை நடத்திய விதத்தின் குணங்கள். அவற்றை நீக்கிவிட்டு வழியை வைத்துக்கொள்ள முடியும். ஓய்வெடுக்க விரும்புபவர் சொகுசுக் கப்பலில் போவதிலும் குறை காண ஒன்றுமில்லை. நடுத்தரக் குடும்பம் கடலைக் காண அது வாய்ப்புத் தருகிறது. ஆனால், சொகுசுக் கப்பல் வந்ததும் கடல் போக்குவரத்து மீண்டுவிட்டது என்று நாம் நிறைவடைந்துவிடக் கூடாது.

அந்தப் போக்குவரத்தின் உண்மையான வாரிசு, நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே ஓடும் சிறிய பயணிகள் கப்பல்தான். 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. சுமார் 60 கடல் மைல், ஏறத்தாழ நான்கு மணி நேரம், 150 இருக்கைகள். 2023-ல் எம்ப்ரஸும் காங்கேசன்துறைக்குப் போனது. அது சுற்றுலாப் பயணிகளைச் சில மணி நேரம் இறக்கிக் காட்டும் வருகை. நாகப்பட்டினத்துக் கப்பலில் உறவினரைப் பார்க்கப் போகிறவரும், மூட்டையோடு போகும் சிறு வணிகரும், கோயிலுக்கு வருபவரும் ஏறலாம். அக்கரையில் இருப்பவர் இங்கே வரலாம். இலங்கையில் போர் மூள்வதற்கு முன் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் செய்த வேலையும் இதுவே.

விமானம் இருக்கக் கப்பல் எதற்கு, அதுவும் நட்டத்தில் ஓடுவது எதற்கு என்று கேட்கலாம். சிங்கப்பூருக்கு ஒரு வாரம் கப்பலில் போக இன்று யாருக்கும் நேரமில்லை. அந்த வழி முடிந்தது முடிந்ததுதான். ஆனால் பாக் நீரிணை குறுகியது. விமான நிலையத்துக்குப் போய்க் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் கப்பல் அதிகம் பின்தங்காது. சாமானும் கூடுதலாக ஏற்றலாம். நட்டம் என்பதற்கு ரஜூலாவின் வரலாறே பதில். அது ஆள், தபால், சரக்கு மூன்றையும் சுமந்தது. ஆண்டுக்கணக்கில் தவறாமல் ஓடியதால் மக்கள் அதை நம்பித் திட்டமிட்டார்கள். இன்று வரும், நாளை நிற்கும் என்ற கப்பலை நம்பி யாரும் கல்யாணத் தேதி குறிக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் சேவை நிற்பது தவிர்க்க முடியாதென்றால், மீதி மாதங்களுக்காவது மாறாத அட்டவணை வேண்டும். கொந்தளிப்பைத் தாங்கும் சற்றுப் பெரிய கப்பலும், சிறு சரக்குக்கு இடமும், எளிய சுங்க நடைமுறையும் வேண்டும். சொகுசுக் கப்பல்களுக்குத் துறைமுகங்கள் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது இந்தச் சிறு கப்பலுக்கும் காட்டினால், தமிழர்களின் கடல்வழி பெரியவர்களின் பேச்சோடு முடிந்துபோகாமல் பேரப்பிள்ளைகளுக்கும் பயன்படும்.