பெயரில் மட்டும் மின்னும் பாம்புகள்

புதுதில்லி: "சன்குளோ" என்று பெயரிட்டு விற்கப்படும் இரண்டு போவா பாம்புகளை ஒருவர் வாங்குகிறார். இரண்டும் ஒரே ஆரஞ்சு நிறம். இரண்டின் கண்களும் சிவப்பு. மூன்று, நான்கு ஆண்டுகள் வளர்த்து இணை சேர்க்கிறார். பிறந்த குட்டிகளில் ஒன்றுகூட பெற்றோரைப் போல் வெளிறிய நிறத்தில் இல்லை. விற்றவர் பொய் சொன்னாரா என்றால், முழுப் பொய் சொல்லவில்லை. பெயர் சரியானதுதான். அந்தப் பெயர் எந்த இரத்தவழியைக் குறிக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பாம்புகளைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் வழக்கம் இந்தியப் பெருநகரங்களில் வேரூன்றிவிட்ட நிலையில், நிறத்துக்கு விலை வைக்கும் இந்த வணிகத்தின் பெயர்க் குழப்பமும் உடன் வந்து சேர்ந்திருக்கிறது. மேலை நாடுகளில் இது வாங்குபவரின் பணத்தோடு முடிந்துவிடும் பிரச்னை. இந்தியாவிலோ சட்டத்தோடும், கடத்தலோடும் சேர்த்துப் பார்க்க வேண்டியதாகிறது.

ஒரே நிறம், வேறு மரபு: மெக்சிகோவிலிருந்து ஆர்ஜென்டீனா வரை இயற்கையாக வாழும் போவா, நஞ்சற்ற பாம்பு. முட்டையிடாமல் குட்டி ஈனும். அமெரிக்காவில் 1990-களில் இதன் வெளிறிய வகைகள் பெருக்கப்பட்டபோது, இரண்டு தனித்தனி மரபுவழிகள் உருவாயின. அவற்றைப் பெருக்கிய வளர்ப்பாளர்களின் பெயரால் ஒன்று "காஹ்ல்" என்றும், மற்றொன்று "ஷார்ப்" என்றும் வழங்கப்படுகின்றன. பார்வைக்கு இரண்டும் கருநிறமி அற்ற பாம்புகளே. ஆனால், இரண்டிலும் பழுதுபட்டிருக்கும் மரபணு ஒன்றல்ல. எனவே ஒன்றோடொன்று இணை சேர்த்தால், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். குட்டிகள் அனைத்தும் கருநிறமியுடனேயே பிறக்கும்.

"சன்குளோ" என்பது இந்த வெளிறிய தன்மையோடு, கருநிறத்தைக் குறைக்கும் "ஹைப்போ" என்ற இன்னொரு தன்மையும் சேர்ந்த பாம்புக்கு வைக்கப்பட்ட பெயர். அதில் காஹ்ல் வழியும் உண்டு, ஷார்ப் வழியும் உண்டு. நேர்மையான வளர்ப்பாளர் எந்த வழி என்பதைச் சேர்த்தே எழுதுவார். கைமாறிக் கைமாறி வரும் பாம்பிலோ முதலில் தொலைந்துபோவது அந்த ஒற்றைச் சொல்தான்.

வேறு சில பெயர்களுக்குப் பின்னால் தனி மரபணு எதுவுமே இல்லை. "பால் பைத்தான்" எனப்படும் ஆப்பிரிக்க மலைப்பாம்பில் "பாஸ்டல்" என்பது தலைமுறைதோறும் கணக்கிட்டுச் சொல்லக்கூடிய ஒரு மரபுத்தன்மை. போவாவில் அதே சொல், பெரும்பாலும் நல்ல நிறமுள்ளவற்றைப் பொறுக்கியெடுத்துப் பல தலைமுறை வளர்த்ததன் விளைவையே குறிக்கிறது. முதலாவதில் குட்டிகளில் பாதிக்கு நிறம் வரும் என எதிர்பார்க்கலாம். இரண்டாவதில் அப்படி எந்த உறுதியும் இல்லை. போதாக்குறைக்கு, போவாவின் நிறம் வயதோடு மாறும், இரவில் வெளிறும். விளக்கொளியில் எடுத்த குட்டியின் புகைப்படம் வளர்ந்த பாம்புக்குச் சான்றாகாது.

66 சதவீதக் கணக்கு: வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருக்கும் தன்மைக்கும் தனி விலை உண்டு. மறைதன்மை கொண்ட இரு பாம்புகளை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி வெளிறிப் பிறக்கும். எஞ்சிய மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றில் இரண்டு மறைதன்மை கொண்டவை; ஒன்று சாதாரணம். எது எதுவென்று கண்ணால் கூற இயலாது. ஆகவே "66 சதவீத வாய்ப்பு" என்று எழுதி விற்கிறார்கள். கணக்கு சரியானது. ஆனால் பெற்றோர் இரண்டும் உண்மையிலேயே மறைதன்மை கொண்டவைதானா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏமாற்றம் தெரியவரும்போது ஆண்டுகள் கடந்திருக்கும்.

ஊர்ப் பெயரும் வணிகப் பெயரும்: "ரெட் டெயில்", அதாவது செவ்வால் போவா என்ற பெயர் இதைவிடப் பழைய குழப்பம். சூரினாம், கயானா, பெரு, பிரேசில் பகுதிகளின் போவாக்களுக்கே அடர்ந்த செந்நிற வால் சிறப்பு. ஆனால் கொலம்பியா, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் போவாக்களும் சந்தையில் அதே பெயரில் விற்கப்பட்டன. பின்னவற்றை இன்று பல விஞ்ஞானிகள் "போவா இம்பரேட்டர்" என்ற தனி இனமாகவே கருதுகின்றனர்.

ஹோண்டுராஸ் கடற்கரையை ஒட்டிய காயோஸ் கொச்சினோஸ் தீவுகளின் கதை இன்னும் துயரமானது. அங்கு வாழும் வெளிர்நிறக் குறும்போவாக்கள் "ஹாக் ஐலண்ட்" என்ற பெயரில் செல்லப் பிராணிச் சந்தைக்காக 1980-களில் பெருமளவு பிடிக்கப்பட்டன. தீவுகளில் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. பின்னர் கிடைத்த பாதுகாப்பால்தான் மீண்டன. இந்தப் பெயர் கொண்ட பாம்போடு வேறு ஊர்ப் போவாவைக் கலந்து பெற்ற குட்டியையும் அதே பெயரில் விற்கும்போது, ஒரு தீவின் உயிரின வரலாறே அழிகிறது.

சட்டத்தின் பார்வை: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் "சைட்டிஸ்" உடன்பாட்டில் இந்தியா 1976-ல் இணைந்தது. எனினும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலும் இந்திய உயிரினங்களையே கருத்தில் கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பாம்பு விமான நிலையத்தில் பிடிபட்டால் சுங்கச் சட்டம் பாயும்; எல்லையைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் கேள்வி கேட்க அப்போது வலுவான சட்டம் இருக்கவில்லை.

2020 ஜூன் மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தானாக முன்வந்து அறிவிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆறு மாதங்களுக்குள் அறிவிப்பவர்களிடம் ஆவணம் கேட்கப்படாது என்றது. கடத்தி வரப்பட்டவையும் இதனால் சட்டபூர்வ உடைமையாகிவிடும் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. 2022 டிசம்பரில் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்ற சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் பட்டியல் உயிரினங்கள் நான்காவது அட்டவணையில் இடம்பெற்றன. அவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் அறிவிக்கப்பட்டன. மத்திய அரசின் "பரிவேஷ்" இணையதளம் வழியாக, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும்.

இங்குதான் பெயர் முக்கியத்துவம் பெறுகிறது. சட்டத்தின் அட்டவணைக்கு "சன்குளோ" தெரியாது, "மூன்குளோ" தெரியாது. அது இனத்தையும் குடும்பத்தையும் மட்டுமே அறியும். போவாக்களில் பெரும்பாலானவை சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஆனால் ஆர்ஜென்டீனப் போவா, வணிகத்துக்கு ஏறத்தாழ முழுத் தடை உள்ள முதல் பட்டியலில் இருக்கிறது. கவர்ச்சியான வணிகப் பெயரை நம்பி வாங்கியவர், தன் வீட்டில் இருப்பது எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதையே அறியாதவராக இருக்கக்கூடும். பதிவில்லாத பாம்பை வாங்கி ஏமாந்தவரோ, புகார் கொடுத்தால் முதலில் தானே பதில் சொல்ல வேண்டிய நிலையில் இருக்கிறார். பெயர் மோசடிக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது.

நிறமே கடத்தலின் உந்துவிசையாகவும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூரு விமான நிலையம் வந்த பெட்டிகளில் 78 விலங்குகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் 55, பல்வேறு நிற வகைகளைச் சேர்ந்த பால் பைத்தான்கள், 17 ராஜநாகங்கள். உடனிருந்த ஆறு கபுச்சின் குரங்குகள் உயிரிழந்திருந்தன. சென்னை, மும்பை விமான நிலையங்களும் இத்தகைய பறிமுதல்களுக்குப் புதியவை அல்ல.

நோயும் இரத்தவழியும்: பூர்விகம் தெரியாத பாம்பின் நோய் வரலாறும் தெரியாது. போவாக்களைத் தாக்கும் உயிர்க்கொல்லி நோய் ஒன்றின் பின்னணியில் "அரினா" வகை வைரஸ் இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2012-ல் கண்டறிந்தனர். வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள போவா நீண்ட காலம் அந்த வைரஸைச் சுமந்திருக்கக்கூடும்.

சொந்த மண்ணின் பாடம்: பெயரால் பாம்புக்கு விலை ஏற்றுவது இந்தியாவுக்குப் புதிதல்ல. தமிழகத்தில் மண்ணுளிப் பாம்பு என்றும், இருதலை மணியன் என்றும் அழைக்கப்படுவதும் போவா வகையைச் சேர்ந்ததே. மழுங்கிய வாலை இரண்டாவது தலை என்று சொல்லி, எடை கூடினால் விலை கூடும் என்று நம்பவைத்து, லட்சக்கணக்கில் பேரம் பேசிய கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டுள்ளன. அந்த அப்பாவிப் பிராணிக்குத் தலை ஒன்றுதான். அதிசய ஆற்றல் எதுவும் இல்லை. காட்டிலிருந்து அதைப் பிடித்துத் தந்தது அதன் பெயர்தான்.

உண்மையை அறிய வழியில்லாமல் இல்லை. பாம்பு உரித்த சட்டையே போதும். அமெரிக்காவின் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வளர்ப்பாளர்கள் தந்த பாம்புச் சட்டைகளைக் கொண்டே பால் பைத்தானின் சில நிறங்களுக்குக் காரணமான மரபணுக்களை இனங்கண்டு 2022-ல் வெளியிட்டனர். பார்வைக்கு நெருக்கமான இரு வெளிறிய வகைகளுக்கு வெவ்வேறு மரபணுக்களே காரணம் என்பது அதில் தெளிவானது.

பதிவேட்டில் இனப் பெயரோடு பெற்றோர் விவரமும் சரிபார்க்கப்பட்டு இடம்பெறுமானால், வீட்டில் பிறந்த குட்டி எது, விமானத்தில் ஒளித்துக் கொண்டுவரப்பட்டது எது என்பதைப் பிரித்தறிவது எளிதாகும். சன்குளோ என்ற பெயரை நம்பி நான்கு ஆண்டுகள் காத்திருந்தவருக்கும் அதனால் நன்மை. எங்கோ ஒரு காட்டில் இன்னும் பிடிபடாமல் இருக்கும் பாம்புக்கும் நன்மை.