விதிகளுக்குள் விரியும் கற்பனை

சதுரங்கத்தில் எந்தக் காய் எப்படி நகரலாம் என்பதை விதியே வரையறுத்துவிடுகிறது. மேசையைச் சுற்றி அமர்ந்து, கதைமாந்தராகவே பேசியும் முடிவெடுத்தும் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டு இதனின்று வேறுபட்டது. இவ்வகைக்கு முன்னோடியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர்.

இதில் ஒருவர் நடுவராக இருந்து சூழலை விவரிப்பார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர். பூட்டிய கதவொன்று எதிர்ப்படுவதாகக் கொள்வோம். ஒருவர் அதனை உடைக்க முயலலாம். மற்றொருவர் காவலனிடம் நயமாகப் பேசிச் சாவியைப் பெற எண்ணலாம். எதைச் செய்ய வேண்டும் என விதிநூல் கட்டளையிடுவதில்லை. முயற்சி வெல்லுமா என்பதை அறியும் வழியையே வகுக்கிறது. இன்றைய விதிப்படி, செயலின் கடுமைக்கேற்ப நடுவர் ஓர் இலக்கெண்ணைக் குறிப்பார். இருபது முகங்கொண்ட பகடையை உருட்டி, விழும் எண்ணுடன் பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவர். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் வெற்றி. இலக்கு 15, திறனெண் 3 எனில், பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்.

விதியே இல்லையெனில் நினைத்ததெல்லாம் நடந்துவிடும். தோல்விக்கு இடமில்லாதபோது துணிவுக்கும் பொருளில்லை. விதி அனைத்தையும் முன்னரே முடிவு செய்துவிட்டால் கற்பனைக்கு வேலையில்லை. விதிநூல் எதிர்பாராத செயலை ஒருவர் முன்வைத்தால் நடுவரே தீர்ப்பளிக்கலாம். ஆயினும், அத்தீர்ப்பு அனைவருக்கும் ஒன்றாக அமைதல் வேண்டும். ஆளுக்கேற்ப அது மாறினால் ஆடுவோரின் நம்பிக்கை குலையும். அதன்பின் எவரும் புதுவழியொன்றை முயன்று பார்க்கத் துணியார்.