கிளட்சை மிதித்தால் தெரிந்துவிடும்

சென்னை திருவான்மியூர் எல்.பி. ரோட்டில், கோயம்பேட்டிலிருந்து வந்த காய்கறி மூட்டைகளை இறக்கிக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பழைய குட்டி யானை ஒன்றின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005இல் வந்தபோது அதற்குள் இருந்தது 702 சி.சி. டீசல் எஞ்சின். இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் சரிபாதி, இரண்டே சிலிண்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 850 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து வினாடிக்குச் சுமார் 14 முறை எரிகின்றன. 20க்குக் கீழே போன அதிர்வு காதுக்குச் சரியாக எட்டாது, கைக்கு எட்டும். இரண்டில் ஒன்று சோர்ந்துவிட்டால் அந்த 14க்கு நடுவே 7 என்று இன்னொரு தாளம் வந்து சேரும். பலகை குலுங்கும், பக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் இரண்டிரண்டாகத் தெரியும். ‘மிஸ் அடிக்குது’ என்பார் ஓட்டுநர்.

இதே வண்டி ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை ஒரு குறையும் சொல்லாமல் போய்வரும். டைடல் பார்க் சிக்னலில் நின்றதும்தான் ஆட்டம். காரணம் எளிது. ஐடிலிங்கில் எஞ்சின் யாரையும் சுமப்பதில்லை, தன் உராய்வை மட்டும் வென்றுகொண்டு சுழல்கிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போகிற டீசல் சில மில்லிகிராம்தான். பாரம் ஏற்றி ஓடும்போது ஒரு மில்லிகிராம் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. ஐடிலிங்கில் அதுவே பெரிய பங்கு. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த இன்ஜெக்டர் முனை, தன் தேய்மானத்தை இங்கேதான் காட்டிக்கொடுக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டலாம். பழைய டீசலில் காற்றுக்குத் தடுப்பே கிடையாது, டீசலின் அளவுதான் எல்லாம். அதனால் டீசல் பம்புக்குள் ஒரு காவலாளி தேவை: வேகம் கூடினால் டீசலைக் குறைத்து, குறைந்தால் கூட்டுகிற கவர்னர். சுழலும் எடைகள் விலகுவதும் சேர்வதும்தான் அதன் அறிவு. 1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்திய ஏற்பாட்டின் வாரிசு அது. காவலாளி கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? வேகம் விழுந்த பிறகு டீசலைக் கூட்டுவான், ஏறிய பிறகு குறைப்பான். எஞ்சின் ‘ஊம்... ஊம்...’ என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டறையில் இதற்குப் பெயர் ஹண்டிங். இந்த ஊசலாட்டம் எப்போது தானாக அடங்கும், எப்போது அடங்காது என்பதைக் கணக்குப் போட்டு 1868இல் கட்டுரை எழுதியவர், மின்காந்தச் சமன்பாடுகளுக்காக நாம் அறிந்த மேக்ஸ்வெல். கட்டுப்பாட்டியல் என்ற துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அடுத்த முறை ஒரு ஜெனரேட்டர் ஊமென்று ஏறி இறங்கும்போது மேக்ஸ்வெல்லை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் பட்டறையில் ஹண்டிங்குக்கு முதலில் பிடிபடும் குற்றவாளி கவர்னர் அல்ல, காற்று. டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிற பக்கத்தில் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ கிளிப் தளர்ந்திருந்தாலோ, டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். கீழே ஈரமே இருக்காது என்பதால் தேடுகிறவர் ஏமாந்துபோவார். விவரம் தெரிந்த மெக்கானிக் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டு எஞ்சினை ஓட விடுவார். வெளிர் மஞ்சள் டீசலுக்குள் ஊசிமுனைக் குமிழிகள் வரிசையாக ஓடி வரும். டீசலை அநேகமாக அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். பம்பின் தள்ளலைக் குமிழி வாங்கி வைத்துக்கொள்ள, அந்த முறை இன்ஜெக்டர் பட்டினி.

எந்த சிலிண்டர் சோர்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழைய பம்பு வண்டிகளில் இன்ஜெக்டர் லைன் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். தளர்த்தியதும் எஞ்சின் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஏறக்கூடிய குழாய் அது, பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அங்கே இந்தச் சோதனையை எஞ்சினின் கணினியான ஈ.சி.எம். ஓயாமல் தானே செய்துகொள்கிறது. கிராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் வைத்து இரண்டை விட்டுவிடுவது வழக்கமான அமைப்பு. ஒரு பல் கடந்து அடுத்த பல் வர எவ்வளவு நேரமாகிறது என்று சென்சார் அளக்கும். ஒரு சிலிண்டர் எரிந்த பிறகு பற்கள் கொஞ்சம் சோம்பலாகக் கடந்தால், அந்த சிலிண்டருக்கு மட்டும் துளி டீசல் கூடும். ஸ்கேனரில் இந்தத் திருத்த எண்களை வரிசையாகப் படிக்கலாம். கை வைத்துத் தேடிய அந்த 7ஐ இங்கே எண்ணாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இனி கியர் பாக்ஸ். நியூட்ரலில் நிற்கும்போது அடியில் கடகடவென்று சத்தம். “கியர் பாக்ஸ் போச்சாண்ணே?” என்று வயிறு கலங்கக் கேட்கிறார் ஓட்டுநர். “கிளட்சை மிதிப்பா” என்கிறார் மெக்கானிக். மிதித்ததும் சத்தம் அடங்குகிறது. வண்டியை இரண்டாக வெட்டிப் பார்த்த மாதிரியான சோதனை இது: கிளட்ச் மிதிபட்டால் எஞ்சின் ஒரு பக்கம், கியர் பாக்ஸ் மறுபக்கம். அப்படியானால் கியர் பாக்ஸ்தானே நோயாளி? பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள்.

நியூட்ரலில் இன்புட் ஷாஃப்ட்டும் அதன் பக்கத்து ஷாஃப்ட்டும் பற்சக்கரங்களும் சுமையில்லாமல் சும்மா சுழல்கின்றன. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு நூலிழை இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும். கிராங்க் ஷாஃப்ட்டோ சீராகச் சுழல்வதில்லை. எரியும்போது துள்ளும், அழுத்தும்போது தயங்கும். அந்தத் துள்ளலில் சுமையற்ற பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும். துள்ளலை வாங்கிக்கொள்ளத்தான் கிளட்ச் பிளேட்டின் நடுவே சுருள் ஸ்பிரிங்குகள். அவை தளர்ந்து, ஐடிலிங்கும் மிஸ் அடித்தால், நல்ல கியர் பாக்ஸே கடகடக்கும். ஆக்சிலேட்டரைத் தொட்டு வேகத்தைக் கொஞ்சம் ஏற்றியதும் சத்தம் மறைந்தால், கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன் இன்ஜெக்டரைப் பார்ப்பதே புத்தி.

மாறாக, வேகம் ஏற ஏற ஒரே சீரான இரைச்சலும் கூடவே ஏறினால் பேரிங். மிதித்தால்தான் கீச்சிடுகிறது என்றால் ரிலீஸ் பேரிங்; சிக்னல்தோறும் கிளட்சில் காலை ஊன்றியே நிற்கிறவர்களுக்குச் சென்னை தருகிற பரிசு. பின்சக்கரத்தால் ஓடும் பிக்கப்கள் பெரும்பாலானவற்றில் நான்காவது கியர் நேரடி கியர்: சக்தி பக்கத்து ஷாஃப்ட்டைச் சுற்றாமல் நேராகப் போய்விடும். மூன்றில் இரைந்து நான்கில் அமைதியானால், நான்கில் மட்டும் சுமை தாங்காத அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டின்மேல் சந்தேகப்படலாம். கிளட்சை முழுக்க மிதித்துச் சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடும்போதும் பல் அரைந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. பற்களின் வேகத்தை ஒப்பாக்கும் சிங்க்ரோ வளையம் ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் இல்லாததால் அது பொய் சொல்லாது. கிளம்பும்போது மட்டும் ‘டொக்’ என்றால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட், அதாவது யூ.ஜே. கிராஸ்.

கடலோரப் பேட்டைக்கே உரிய ஒன்று மிச்சம். உப்புக்காற்று எர்த் ஒயரின் முனையில் பச்சைக் களிம்பு பூக்க வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வைத்து, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்த எர்த்தை நம்பியிருக்கும் சென்சார்களின் அளவுகள் தடுமாறும், ஐடிலிங் அலையும். சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவினால் முடிந்த வேலைக்குப் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு. எர்த், குழாய், ஃபில்டர், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் எல்லாம் பார்த்த பிறகும் கியர் பாக்ஸ்தான் என்று முடிவானால், இறக்கும்போதே கிளட்ச் செட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்கின் பின் ஆயில் சீலையும் மாற்றச் சொல்லிவிடுங்கள். மறுபடி இறக்கினால் கூலி இரண்டாவது முறை.